காவிரிக்கரைக் கணக்கு – 14: பாய்லர் வாசல்

பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் ஐந்து பேர் 1946 செப்டம்பர் 5 அன்று சுடப்பட்டு இறந்ததோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். அதற்குப் பிறகும் பல வருஷங்களுக்குத் திருச்சியில் 'கம்பெனி வேலை' என்றால் ரயில்வே வேலைதான். நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் பெயர்ந்து வந்த அந்தப் பணிமனையின் சங்கு ஊதினால் சுற்றுவட்டாரத்தில் உலை வைப்பார்கள். மற்றபடி உறையூரில் தறியும் சுருட்டும், காந்தி மார்க்கெட்டில் மண்டி, மலைக்கோட்டையைச் சுற்றிக் கடைவீதி, ஆற்றுக்கு அக்கரையில் ரங்கநாதர். ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஒரே வாசலில் நுழைந்து வெளியே வருகிற இடம் பொன்மலையை விட்டால் வேறு கிடையாது.

இரண்டாவது வாசல் தஞ்சாவூர் சாலையில் திறந்தது. எறும்பீஸ்வரர் மலைக்கோயிலைத் தாண்டிக் கிழக்கே போனால், உய்யக்கொண்டான் பாய்கிற நஞ்சைக்குத் தெற்கே மேட்டுப்பாங்கான புஞ்சை. முள்ளும் கற்றாழையுமாகக் கிடந்த அந்தப் பூமியில் 1960-களின் தொடக்கத்தில் இயந்திரங்கள் வந்து இறங்கின. 1965-ல் உற்பத்தி தொடங்கியது. ஆலைக்குப் பெயர் உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை. அப்படி யாரும் சொன்னதில்லை. முதலில் 'பாய்லர் பிளாண்ட்', பிறகு, பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ் என்பதன் சுருக்கமாக, 'பெல்'.

இந்த ஆலை எப்படித் திருச்சிக்கு வந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த நிபுணர்கள் தமிழ்நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீரும் நிலமும் ரயிலும் சேர்ந்து அமைந்த இடம் அகப்படவில்லை என்று கையை விரித்தார்களாம். காமராஜர் கொஞ்சம் யோசித்துவிட்டு, திருவெறும்பூர் பக்கம் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டாராம். போனார்களாம், பார்த்தார்களாம், முடிந்தது. இந்தக் கதையைக் கேட்காமல் திருச்சியில் யாரும் ஐம்பது வயதைத் தாண்டியிருக்க முடியாது. நானும் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன், சொல்லியும் இருப்பேன். ஆனால் காமராஜரின் ஊர் ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கனரக ஆலையை விளக்க முடியாது. அவருடைய அமைச்சரவையில் தொழில் துறையைக் கையில் வைத்திருந்த ஆர். வெங்கட்ராமன் டில்லியில் ஏறி இறங்கிய படிகளையும், டில்லி அப்போது போட்டுக்கொண்டிருந்த கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

டில்லியின் கணக்கு இது. 1956 தொழில் கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசுக்கென்று ஒதுக்கியது. கனரக மின் இயந்திரங்கள் அதில் ஒன்று. போபாலில் பிரிட்டிஷ்காரர்கள் உதவியோடு ஓர் ஆலை. அடுத்து மூன்று: ஹரித்வாரில் ரஷ்ய உதவி, ஹைதராபாத் அருகே ராமச்சந்திரபுரத்திலும் திருச்சியிலும் செக் உதவி. ஹரித்வாரும் ராமச்சந்திரபுரமும் டர்பைன் செய்ய, திருச்சி பாய்லர் செய்ய வேண்டும். பனிப்போர்க் காலத்தில் இரண்டு பக்கமும் கை நீட்டி வாங்கிய சாமர்த்தியம் இந்த நாலு ஊர்களின் பட்டியலிலேயே தெரியும்.

பாய்லர் என்பது பெரும்பாலும் எஃகு. தகடு, குழாய், டிரம் என்று அத்தனையும் எஃகு. திருச்சியைச் சுற்றி அப்போது எஃகு ஆலை கிடையாது. பிலாயும் ரூர்கேலாவும் துர்காபூரும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். சாதாரண வியாபாரக் கணக்குப்படி பார்த்தால் பாய்லர் ஆலை அங்கேதான் பக்கத்தில் எங்காவது போயிருக்க வேண்டும். போகாததற்கு ஒரு காரணம், 1956-லிருந்து நடைமுறையில் இருந்த சரக்குக் கட்டணச் சமன் கொள்கை. எஃகு ஆலை வாசலில் என்ன விலையோ, ரயிலில் ஏற்றித் தெற்கே கொண்டுவந்து சேர்த்தாலும் அதே விலை. இடையில் ஆகும் ரயில் கூலியை எல்லா வாடிக்கையாளர் தலையிலும் பரப்பிவிடுவார்கள். இதனால் பிகாரும் வங்காளமும் இழந்தவை ஏராளம். தங்கள் மண்ணில் இரும்பும் கரியும் இருந்தும் தொழில் ஓடிப்போனதே என்று அவர்கள் இன்றைக்கும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 'தெற்கு தேய்கிறது' என்று நம் ஊர் மேடைகள் முழங்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், தெற்குக்குச் சாதகமான ஒரு கொள்கை சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. மேடையில் இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பேசினால் ஓட்டு விழாது.

இப்போது கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே போவோம்.

ஸ்ரீரங்கம் தீவில் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் வாசல் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளும் வீடுகள். அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது பலருக்கு நிலத்து வருமானத்தில். நிலம் ஜீயபுரம், பெட்டவாய்த்தலை, லால்குடி பக்கம் எங்காவது இருக்கும். உழுகிறவர் வேறொருவர். அறுவடைக்கு வண்டியில் நெல் வந்து இறங்கும். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக்கொள்வார்.

அந்த வண்டியைச் சட்டம் மெல்ல மெல்ல நிறுத்தியது. 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம்: இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம்: நஞ்சையில் நிலச் சொந்தக்காரருக்கு விளைச்சலில் 40 சதவீதம், அவ்வளவுதான். 1961-ல் நில உச்சவரம்பு 30 தரநிலை ஏக்கர், 1970-ல் அது 15 ஆனது. 1963-ல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம். உச்சவரம்புச் சட்டத்தால் பெரிய பண்ணைகள் உடைந்தன என்று எண்ணிவிட வேண்டாம். பினாமி என்ற சொல் வீட்டுச் சொல் ஆனதுதான் அதன் முதல் பலன். ஆனால் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்துக்கொண்டு, தானும் உழாமல் நேரில் நின்று வசூலிக்கவும் தெரியாமல் இருந்த அக்ரஹாரத்துச் சின்ன மிராசுதாருக்குக் குத்தகைச் சட்டங்களே போதுமானதாக இருந்தன. பலர் உழுதவருக்கே விற்றார்கள். வாங்கியவர்களில் முத்தரையர்கள் உண்டு, உடையார்கள் உண்டு. நெல் வயல்களில் பூவனும் ஏலரிசியுமாக வாழை ஏறியது அதற்குப் பிந்திய கதை. அதற்கு ஓர் அத்தியாயம் தனியாக வேண்டும்.

வண்டி நின்றுபோன வீட்டுப் பையன் என்ன செய்வான்? மாநில அரசு வேலையில் வகுப்புவாரி ஒதுக்கீடு 1920-களிலிருந்தே இருந்தது. ஆகவே மத்திய அரசு, வங்கி, ரயில்வே, பம்பாய், டில்லி. எழுத்தாளர் சுஜாதா இதற்கு நல்ல உதாரணம். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, குரோம்பேட்டையில் பொறியியல் முடித்து, மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறைக்குப் போய், அங்கிருந்து பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸுக்குப் போனார். அதையும் 'பெல்' என்றுதான் சொல்வார்கள். திருச்சியில் சிலர் அவரை நம்ம பெல்லில்தான் வேலை பார்த்தார் என்று அடித்துச் சொல்வதுண்டு. திருத்தினால் கோபம் வரும், விட்டுவிடுங்கள். இரண்டும் பொதுத்துறை, இரண்டும் ஐந்தாண்டுத் திட்டக் காலத்துப் பிள்ளைகள்.

பாய்லர் பிளாண்ட் இந்தப் பையன்களுக்கும் திறந்தது. ஆனால் அவர்களுக்காக மட்டும் திறக்கவில்லை என்பதுதான் அதன் விசேஷம். கோயிலில் நுழைவதற்கு 1939 வைத்தியநாத ஐயர் காலத்துப் போராட்டமும் சட்டமும் தேவைப்பட்ட நாட்டில், ஆலை வாசலில் கேட்டது சான்றிதழ் ஒன்றைத்தான். பொறியாளர் பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. என்று அதிலும் ஒரு படிக்கட்டு உண்டு. யாருக்கு எந்தப் படி கிடைத்தது என்பதில் பழைய சாதிக் கணக்கு ஒளிந்துதான் இருந்தது. ஆனாலும் தாழ்த்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டில் துறையூர், முசிறி, லால்குடி கிராமங்களின் சேரியிலிருந்து முதல் தலைமுறையாக ஐ.டி.ஐ. முடித்து வந்த ஃபிட்டரும், ஸ்ரீரங்கத்து எஞ்சினியரும், பாலக்காட்டு ஃபோர்மேனும் ஒரே கேண்டீனில் சாப்பிட்டார்கள். கைலாசபுரம் என்று பெயரிட்ட டவுன்ஷிப்பில் பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். குவார்ட்டர்ஸ் அளவு கிரேடைப் பொறுத்தது. அதிகாரி வீட்டுக்குத் தோட்டம் உண்டு, தொழிலாளி வீட்டுக்கு இரண்டு அறை. அக்ரஹாரம், குடித்தெரு, சேரி என்று பிறப்பால் பிரிந்திருந்த ஊரில், சம்பளத்தால் பிரிந்த முதல் தெருக்கள் இவை. பிரிவு பிரிவுதான். ஆனால் பதவி உயர்வு வந்தால் தெரு மாறலாம்.

எழுபதுகளில் திருச்சிக் கல்யாணத் தரகர்களின் நோட்டுப் புத்தகத்தில் 'பெல் மாப்பிள்ளை' தனி இனம். மருத்துவ வசதி, போனஸ், கூட்டுறவுச் சங்கத்துக் கடன், ஓய்வுக்குப் பின் கைக்கு வரும் தொகை எல்லாம் பெண் வீட்டாருக்கு மனப்பாடம். மாலை ஷிப்ட் முடிந்து வரிசையாக வரும் பெல் பஸ்களுக்கு வழிவிட்டுத் தஞ்சாவூர் சாலையில் டவுன் பஸ் ஒதுங்கி நிற்கும். அதற்குள் நின்றுகொண்டு, ஜன்னலோரம் தூங்கி விழும் பெல்காரர்களைப் பார்த்து ஏங்கிய ஆயிரம் பையன்களில் நானும் ஒருவன்.

1964-ல் துவாக்குடி வழியில் மண்டலப் பொறியியல் கல்லூரி வந்தது, இன்றைக்கு என்.ஐ.டி. 1966-ல் துப்பாக்கித் தொழிற்சாலை. 1975-ல் பெல் வளாகத்துக்குள்ளேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். இந்தக் கடைசி விஷயத்தை ஊர் அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை. என்னைக் கேட்டால் திருச்சியின் உண்மையான குடிசைத் தொழில் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பாய்லருக்குள் மைல் கணக்கில் குழாய் ஓடுகிறது. உள்ளே கொதிநீராவி, வெளியே நெருப்பு. ஆயிரக்கணக்கான இணைப்புகளில் ஒன்று கசிந்தாலும் மின் நிலையம் நிற்கும். ஆகவே கண்ட ஆளையும் பற்றவைக்க விட மாட்டார்கள். 1923-ம் வருஷத்துக் கொதிகலன் சட்டம் வெல்டருக்கும் தேர்வு வைத்தது. தேறியவருக்கு 'ஐ.பி.ஆர். வெல்டர்' என்று பெயர். சாய்வாக நிறுத்திய குழாயைச் சுற்றிச் சுற்றிப் பற்றவைக்கும் '6ஜி' சோதனை, ஆர்கான் வெல்டிங், பிறகு இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. வயிற்று வலிக்குக்கூட எக்ஸ்ரே எடுக்காத கிராமத்துப் பையன், தான் வைத்த பற்றுக்கு எக்ஸ்ரே ஃபிலிம் சுத்தமாக வருமா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பான்.

ஆலை பெருக்கப் பெருக்க எல்லா வேலையையும் உள்ளேயே செய்ய முடியவில்லை. துவாக்குடியிலும் மாத்தூரிலும் பட்டறைகள் முளைத்தன. பெல் தகட்டையும் சட்டத்தையும் வரைபடத்தையும் கொடுக்கும். பட்டறைக்காரர் வெட்டி, வளைத்து, பற்றவைத்துத் திருப்பிக் கொடுப்பார். டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. முதலாளிகளில் பலர் பெல்லிலேயே வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். வாடிக்கையாளர் ஒருவரே. சரக்கு அவருடையது, விலை அவருடையது, பரிசோதகர் அவருடைய ஆள். பழைய மிராசுதாருக்கும் குத்தகைக்காரருக்கும் இருந்த உறவை எனக்கு இது ஞாபகப்படுத்தும். பட்டறைக்காரர்கள் இந்த ஒப்புமையை ரசிக்க மாட்டார்கள்.

மேலே போய்ப் பார்த்தால் பெல்லுக்கும் இதே நிலைமைதான். எண்ணூரில் 1970 வாக்கில் ஓடத் தொடங்கிய 60 மெகாவாட் யூனிட்டுகள், 1979-ல் தூத்துக்குடி, 1987-ல் மேட்டூர் என்று பாய்லரை வாங்கியவை எல்லாம் மின் வாரியங்களும் மத்திய அரசின் மின் நிறுவனங்களும். அவற்றின் கையில் காசு இருப்பது அப்போதைய திட்டக் குழு ஒதுக்குவதைப் பொறுத்திருந்தது. டில்லியில் ஒரு மேஜையில் எழுதும் எண், துவாக்குடியில் ஒரு வெல்டருக்கு ஓவர்டைம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும். தேசியப் பொருளாதாரக் கொள்கை என்பதை மற்ற ஊர்க்காரர்கள் பேப்பரில் படித்தார்கள். திருச்சியில் அது ஷிப்ட் பட்டியலில் வந்தது.

1991 இப்படித்தான் வந்தது. ஜூலை முதல் மூன்று நாளுக்குள் ரூபாயின் மதிப்பு இரண்டு தடவை குறைக்கப்பட்டது. அந்த மாதமே ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் வெளிநாட்டுக்கு அடமானமாகப் போனது. ஜூலை 24-ல் மன்மோகன் சிங் பட்ஜெட் படித்த அன்றே புதிய தொழில் கொள்கை. 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம், அரசுக்கு ஒதுக்கிய தொழில்கள் 17-லிருந்து 8. அதே வருஷம் மின் உற்பத்தியில் தனியார் நுழையச் சட்டம் திருத்தப்பட்டது. 1992-ல் எஃகுக்கான சரக்குக் கட்டணச் சமன் போனது. பிலாய்க்கும் திருச்சிக்கும் இடையே இருந்த தூரம் முப்பத்தைந்து வருஷம் கழித்து மறுபடி உண்மையான தூரமானது.

ஆலை மூடப்படவில்லை. பயந்த அளவுக்கு எதுவும் இடியவில்லை. 1997-ல் பெல்லுக்கு நவரத்னா அந்தஸ்தும் கிடைத்தது. நடந்தது வேறு. புதிதாக ஆள் எடுப்பது சுருங்கியது. நிரந்தர வேலைக்குப் பதில் ஒப்பந்தத் தொழிலாளி, உள்ளே செய்த வேலை பட்டறைக்கு.

இந்த வருஷங்களை இன்னொரு தேதியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மண்டல் பரிந்துரையை உச்ச நீதிமன்றம் ஏற்றது 1992 நவம்பரில். மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத ஒதுக்கீட்டு ஆணை 1993 செப்டம்பரில். பொதுத்துறைக்கும் அது வந்தது. முத்தரையர் வீட்டுப் பையனும் கள்ளர் வீட்டுப் பையனும் உறையூர் செங்குந்தர் வீட்டுப் பெண்ணும் பெல் வாசலில் உரிமையோடு நிற்கலாம் என்று சட்டம் சொன்னபோது, வாசலுக்குள் கூப்பிடுவது குறைந்துகொண்டிருந்தது. நாடு முழுக்கவே பொதுத்துறை வேலைகள் 1990-களின் நடுவில் ஒரு கோடியே 95 லட்சத்தைத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தன. இதைச் சதி என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். சதி என்று நான் நினைக்கவில்லை. அந்நியச் செலாவணி காலியானதும் மண்டலும் அயோத்தியும் ஒரே சமயத்தில் வந்து மோதியவை, யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஆனால் வரிசையில் காத்திருந்தவருக்கு அந்த வித்தியாசத்தால் ஆகப்போவது என்ன?

ஸ்ரீரங்கத்துப் பெல்காரரின் பிள்ளை இந்த வரிசையில் நிற்கவே இல்லை. அப்பாவின் நிரந்தரச் சம்பளத்தில் படித்து, கம்ப்யூட்டர் கற்று, பெங்களூர் போய், அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்கோ நியூ ஜெர்ஸிக்கோ போய்விட்டான். பொதுத்துறை தந்த பாதுகாப்பே தனியார் துறைக்குத் தாவும் பலகையானது. அம்மா மண்டபம் சாலையிலும் அதன் கிளைகளிலும் எழும்பிய அடுக்குமாடி வீடுகளில் அவன் பெற்றோருக்கு லிஃப்ட் வைத்த வீடு வாங்கிக் கொடுத்தான். பழைய நீள வீடுகள் பல கைமாறின. ராஜகோபுரம் 236 அடியாக எழுந்து முடிந்தது 1987-ல். அதற்குள் அக்ரஹாரம் பாதி காலி.

1998-ல் ஒரு வேடிக்கை. பாய்லர் செய்யும் ஊர், மத்திய மின்துறை அமைச்சரையே எம்.பி.யாகப் பெற்றது. ரங்கராஜன் குமாரமங்கலம். 1999-லும் அவரே ஜெயித்தார், 2000 ஆகஸ்டில் மறைந்தார். அவர் காலத்தில்தான் மெகா மின் திட்டங்களுக்கு இயந்திரங்களை வரியில்லாமல் இறக்கலாம் என்று கொள்கை விரிந்தது. பெல்லுக்கு அது இனித்திருக்காது. நாட்டுக்கு மின்சாரம் சீக்கிரம் வேண்டும், தொகுதிக்கு ஆர்டர் வேண்டும். மின்துறை அமைச்சர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், தொகுதியும் அவரை மன்னித்தது.

பிறகு வந்தது துவாக்குடியின் பொற்காலம். பத்தாவது திட்டத்தில் 41,110 மெகாவாட் இலக்கு வைத்து 21,180 எட்டியவர்கள், பதினொன்றாவது திட்டத்தில் (2007-12) 78,700 என்று இலக்கு வைத்தார்கள். கிடைத்தது கிட்டத்தட்ட 55,000. அதுவும் அதுவரை நாடு காணாத அளவு. பெல் தன் உற்பத்தித் திறனை வருஷத்துக்கு 20,000 மெகாவாட்டாக உயர்த்தியது. பட்டறைகளில் மூன்று ஷிப்ட். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வெல்டர்கள் வந்தார்கள். சரக்குக் கட்டணச் சமனால் வேலையை இழந்த மண்ணின் பேரப்பிள்ளைகள், அந்த வேலை போய்ச் சேர்ந்த ஊரைத் தேடி ரயிலேறி வந்தார்கள் என்றும் சொல்லலாம். பட்டறைக்காரர்கள் வங்கியில் கடன் வாங்கி, புது ஷெட் போட்டு, கிரேன் வைத்தார்கள்.

போட்டியும் கூடவே வந்தது. 2010-ல் ரிலையன்ஸ் பவர் 36 அனல் யூனிட்டுகளுக்கு ஷாங்காய் எலக்ட்ரிக்கிடம் ஒப்பந்தம் போட்டது. சீன இயந்திரம் மலிவு, சீனக் கடன் அதைவிட மலிவு. மத்திய அரசு யோசித்து யோசித்து 2012 ஜூலையில் இறக்குமதி மின் இயந்திரங்களுக்கு 21 சதவீத வரி விதித்தபோது, புதிதாக வாங்குவதற்கே ஆள் குறைந்திருந்தது. நிலக்கரி கிடைக்கவில்லை, மின் வாரியங்களிடம் பணமில்லை. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 218 நிலக்கரி ஒதுக்கீடுகளில் 214-ஐ ரத்துசெய்தது. நடுவில் 2013 ஆகஸ்டில் திருமயத்தில் பெல்லின் குழாய்ப் பிரிவைத் திறந்து வைக்க ஒருவர் வந்தார். 1991-ல் அந்தப் பட்ஜெட்டைப் படித்தவரேதான், இப்போது பிரதமராக. ஆர்டர் புத்தகம் மெலியத் தொடங்கிய நேரத்தில் புது ஆலைக்கு ரிப்பன் வெட்டினார்.

துவாக்குடியில் ஷெட்டுகள் இருண்டன. கடன் வாராக்கடன் ஆனது. கிரேன்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. பெல்லைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்து பழக்கமில்லாதவர்களே முதலில் விழுந்தார்கள். காற்றாலைக்கோபுரம், சர்க்கரை ஆலை, ரயில்வே என்று முன்பே வெளியே கை நீட்டியிருந்தவர்கள் தப்பினார்கள்.

வெல்டர் மட்டும் தனிக்கதை. பட்டறையும் கடனும் அவனுடையவை அல்ல. 6ஜி தேறிய கை அவனுடையது. வளைகுடாவிலும் சிங்கப்பூர்க் கப்பல் துறையிலும் அதற்கு விலை உண்டு. 2024 ஜனவரியில் திறந்த திருச்சி விமான நிலையத்துப் புது முனையத்தில் நள்ளிரவு வரிசையில் நின்று பாருங்கள். கையில் அட்டைப்பெட்டியும் ஏஜெண்ட் கொடுத்த பிளாஸ்டிக் உறையுமாக நிற்கும் பையன்களில் எத்தனை பேர் துவாக்குடியில் தொழில் கற்றவர்கள் என்று விசாரித்தால் சொல்வார்கள். அவர்களுக்கு முன்னால், பேத்தி பிரசவத்துக்காக ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் வழியாகப் புறப்படும் ஸ்ரீரங்கத்துத் தம்பதி நிற்கக்கூடும். அவர் ஓய்வுபெற்ற பெல்காரராக இருந்தால், வரிசை நகர்வதற்குள் அந்தப் பையனிடம் எந்தப் பட்டறை, எந்த கேஜ், யார் இன்ஸ்பெக்டர் என்று கேட்டுவிடுவார்.

மறுபடி அனல் மின் நிலையங்களுக்கு டில்லியில் பச்சைக்கொடி காட்டியிருக்கிறார்கள், பெல்லுக்கு ஆர்டர்கள் திரும்பியிருக்கின்றன. கிரேனை விற்றவர்கள் திரும்ப வாங்குவார்களா என்பதைத் துவாக்குடியில் கேட்டேன். ஒருவர் பதில் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த இதழில் உறையூருக்குப் போகிறோம், லண்டன் வரை மணத்த சுருட்டைத் தேடி.

(தொடரும்)